ஓசையின்றிப் பேசப் பழகிய ஆண்டு

மருந்து என்பது நோயைத் தீர்க்கும் பொருள் என்று மட்டுமே நான் அதுவரை அறிந்திருந்தேன். நோயைத் தீர்க்க வரும் மருந்தே வேறு சில நோய்களையும் கையோடு அழைத்து வரும் என்பதும், அவை வந்து சேருமுன் வீட்டார் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதும், என் அம்மா நெஞ்சுநோய்க்கு ஊசி போட்டுக்கொண்ட ஆண்டில்தான் எனக்குத் தெரியவந்தன. அப்போது நான் மாத்தளையில் ஐந்தாம் வகுப்பு மாணவி. விடை தெரியாத எதையும் விட்டுவைக்காத பிள்ளை என்று உறவினரிடையே எனக்கு ஒரு பெயர் இருந்தது. அவர்கள் அதைப் பாராட்டாகச் சொன்னார்களா என்பது வேறு செய்தி.

அம்மாவின் நோய்க்குரிய பெயரை எங்கள் வீட்டில் எவரும் உச்சரித்ததில்லை. நெஞ்சுக் கோளாறு என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கண்டியில் சில மாதங்கள் மருத்துவமனையில் தங்கியிருந்து, இனிப் பிறருக்குத் தொற்றாது என்று உறுதியான பின் அம்மா வீடு திரும்பினார். நோய் போய்விட்டது என்று நான் எண்ணினேன். போகவில்லை, பதுங்கியிருக்கிறது என்றார் அப்பா. அதை முற்றாக வெளியேற்ற இன்னும் ஓராண்டுக்கு மேல் ஊசி தொடர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி வில்லைகளும் விழுங்க வேண்டும். ஊசியை மாத்தளையிலேயே அப்போதிக்கரி எனப்படும் உதவி மருத்துவர் ஒருவர் நாள்தோறும் போடுவார். மாதம் ஒருமுறை கண்டிக்குச் சென்று மருத்துவரிடம் காட்டிவர வேண்டும்.

அம் மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். வயதில் முதிர்ந்தவர், குரலை உயர்த்தாதவர். அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர் என் பெற்றோர் இருவரையும் எதிரே அமர்த்தி, அந்த மருந்து என்னென்ன செய்யக்கூடும் என்பதை ஒளிவுமறைவின்றி விளக்கினார். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வில்லைகள் வயிற்றைப் புரட்டும், உணவு இறங்காது. ஊசியால் தலை சுற்றும், நடக்கையில் தரை சரிவதுபோலத் தோன்றும். இவ்விரண்டையும் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்றார். மூன்றாவதைச் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காதுக்குள்ளை இரையத் தொடங்கினா ஒளிக்கப்படாது. அண்டைக்கே வந்து எனக்குச் சொல்ல வேணும். நான் ஊசியை நிப்பாட்டிப் போடுவன். நிப்பாட்டாமல் விட்டா காது கேளாமல் போயிடும். போனது பிறகு திரும்பி வராது."

ஊசியை நிறுத்தினால் நோய் என்னவாகும் என்று அப்பா கேட்டார். மருத்துவர் கண்ணாடியைத் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார். பின்பு, வில்லைகள் மட்டும் தனியே நின்று எவ்வளவு தாங்கும் என்று தம்மால் உறுதி சொல்ல இயலாது என்றார். செவியா, நெஞ்சா என்பதே அதன் பொருள். அந்தச் சிறிய அறையில் அது விளங்காமல் நின்றது நான் ஒருத்திதான்.

பக்கவிளைவு என்ற சொல் அக்காலத்தில் எங்கள் வழக்கில் இல்லை. வீடு திரும்பும் பேருந்தில் அம்மாவே அதற்கொரு பெயர் வைத்தார். "மருந்தோட சேட்டைய மருந்து செய்யட்டும், நம்ம வேலைய நாம பாப்போம்" என்று அப்பாவிடம் சொன்னார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் அவை சேட்டைகள் ஆயின. வயிற்றுச் சேட்டை, தலைச் சேட்டை, காதுச் சேட்டை என்று, விருந்துக்கு வரவிருக்கும் உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அவற்றுள் எது முதலில் வரும் என்று அறிய நான் பெரிதும் ஆவலாயிருந்தேன் என்பதை மறைக்க இயலாது.

அப்பா தையற்காரர். பெருந்தெருவில் ஒடுங்கலான ஒரு கடையும் அதன் பின்புறத்தில் வீடுமாக எங்கள் வாழ்க்கை அமைந்திருந்தது. அளவெடுக்காமல் துணியில் கத்தரிக்கோல் வைக்காத அவர், சேட்டைகளுக்கும் அளவெடுக்கத் தொடங்கினார். தலைச் சேட்டைக்காகச் சமையலறை வாசலிலிருந்து கிணறு வரைக்கும், அங்கிருந்து மலகூடம் வரைக்கும் அம்மாவின் இடுப்பு உயரத்தில் தும்புக்கயிறு கட்டினார். அம்மாவை நிறுத்தி, அளவுநாடாவால் உயரம் பார்த்தே கட்டினார். கட்டிய மறுநாள் அயல்வீட்டார் அதில் துணி உலர்த்தினார்கள். தலை சுற்றுவது எப்படியிருக்கும் என்று அறிய விரும்பி நான் முற்றத்தில் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுழன்றுவிட்டு அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தேன். கயிறு பயனுள்ளதுதான் என்று அப்பாவிடம் சான்றும் பகர்ந்தேன். வயிற்றுச் சேட்டைக்கு அரிசிக் கஞ்சியும் தேசிக்காய் எனப்படும் எலுமிச்சையை உப்பிட்டதும் ஆயத்தமாயின. அது வந்தது. கஞ்சியும் தேசிக்காயும் அதனிடம் தோற்றன. ஆயினும் அம்மா வில்லைகளை ஒரு நாளும் தவிர்க்கவில்லை. வாந்தி எடுத்தால் முகம் கழுவிவிட்டு வந்து மீண்டும் விழுங்குவார்.

எஞ்சியது செவி. அதற்குக் கயிறு கட்ட இயலாது. ஆகவே அப்பா சைகைகளை வகுத்தார். கேட்கும் திறன் இருக்கும்போதே வீட்டார் அனைவரும் அவற்றைப் பழகிக்கொண்டால், அது போகும் நாளில் தடுமாற்றம் இராது என்பது அவருடைய எண்ணம். தண்ணீர், சோறு, குழந்தை அழுகிறது, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் சைகைகள் பிறந்தன. இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல்போல் அசைத்தால் அப்பா கடையில் இருக்கிறார் என்று பொருள். பொத்தானுக்குக்கூட ஒரு சைகை இருந்தது. வலிக்கிறதா என்று கேட்பதற்கு மட்டும் அவர் சைகை வகுக்கவில்லை. வகுக்க மறந்தாரா, அந்த விடையைக் காண விரும்பவில்லையா என்று நான் பிற்காலத்தில் எண்ணிப் பார்த்ததுண்டு.

பெரிய மாமா அம்மாவுக்கு மூத்தவர். பல்லேபொலவில் மிளகுத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்து வந்தார். காதுச் சேட்டையைப் பற்றிக் கேள்வியுற்றதும் அவர் தம் பங்குக்கு ஆயத்தமானார். அதாவது, அன்றுமுதலே அம்மாவிடம் உரத்துப் பேசத் தொடங்கினார். அம்மாவுக்கு அப்போது சுவரில் பல்லி நடந்தாலும் கேட்கும். இவரோ வாசலில் நின்றே, கஞ்சி குடித்தாயா என்று தெருவெல்லாம் அதிர வினவுவார்.

"அண்ணே, ஊசி ஒரு வருசம் எடுத்துச் செய்யிறத நீங்க இன்னைக்கே செஞ்சு முடிச்சிருவீங்க போல" என்றார் அம்மா.

மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. அவரிடம் வேறொரு திட்டமும் இருந்தது. எங்கள் ஊர் முத்துமாரியம்மனுக்குக் கண்நோய் கண்டவர்கள் வெள்ளியில் கண்மலர் செய்து சாத்துவார்கள். கை கால் நொந்தவர்கள் கையும் காலும் செய்து சாத்துவார்கள். அவ்வாறே தங்கைக்காக இரண்டு வெள்ளிச் செவிகள் சாத்துவதென்று மாமா தீர்மானித்திருந்தார். நேர்ந்துகொண்டு, நலம் பெற்ற பிறகு செலுத்துவதல்லவா மரபு என்று அப்பா தயங்கினார். மாமாவுக்கு அந்தத் தயக்கம் விளங்கவில்லை.

"இப்ப காது நல்லாத்தான மச்சான் இருக்கு. கெட்டுப் போனப் பொறகு கொண்டுபோய்க் குடுத்து என்ன பிரயோசனம்?"

 இதற்கு எந்தச் சாத்திரத்திலும் விடை இருந்திருக்கும் என்று நான் கருதவில்லை.

கடைத்தெருப் பொற்கொல்லரிடம் மாமா என்னை அழைத்துச் சென்றார். அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கண் இருந்தது, கையும் காலும் இருந்தன, தொட்டில் இருந்தது, பசுமாடுகூட இருந்தது. "காது மட்டும் இதுவரைக்கும் யாரும் கேக்கலிங்களே" என்று அவர் வருத்தப்பட்டார். அச்சு இல்லையென்றால் செவியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நெஞ்சுக் கோளாறுடைய அம்மாவைக் கடைத்தெருவுக்கு அழைத்து வர மாமா விரும்பவில்லை. கடை முழுவதையும் சுற்றிய இருவர் பார்வையும் இறுதியில் என் தலையின் இரு பக்கங்களிலும் வந்து நின்றது.

பொற்கொல்லர் தேன்மெழுகை இளக்கி, சூடு ஆறவைத்து, என் வலச்செவியின்மேல் அழுத்தினார். கடைத்தெரு சட்டென்று தொலைவுக்குப் போயிற்று. உள்ளே ஓர் இரைச்சல் எழுந்தது. மழைக்காலத்துச் சுதுகங்கை ஆற்றை வெகு தொலைவில் நின்று கேட்பதுபோல இருந்தது அது. மருத்துவர் சொன்ன இரைச்சல் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி நான் மூச்சடக்கிக் கவனித்தேன். மெழுகை எடுத்தபோது எனக்கு உண்மையிலேயே ஏமாற்றமாயிருந்தது. இன்னொரு செவிக்கும் வைப்பீர்களா என்று கேட்டேன். வைத்தார்.

வெள்ளிச் செவிகள் ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் சாத்தப்பட்டன. முந்திரிப் பருப்பு இரண்டைத் தட்டில் வைத்ததுபோல இருந்தன என்று அப்பா சொன்னதால் மாமா இரண்டு நாட்கள் அவரோடு பேசவில்லை. எனக்கோ வேறொரு கவலை. அச்செவிகள் என் செவிகளைப் பார்த்துச் செய்தவை. அவற்றை அம்மாவின் பொருட்டு அம்மனிடம் கொடுத்தாயிற்று. அவ்வாறாயின் என் செவிகளுக்கு இனி உரியவர் யார்? இதுபற்றி நான் ஆழ்ந்து ஆராய்ந்து, என் செவிகள் இனி எனக்கும் அம்மாவுக்கும் பொதுவானவை என்ற முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு எனக்கு நிறைவளித்தது.

நாள்தோறும் காலையில் அம்மாவிடம் "இரையுதாம்மா?" என்று கேட்பது என் வழக்கமாயிற்று. இல்லை என்பார். அதில் எனக்குச் சிறிது வருத்தமும் உண்டாகும். இவ்வளவு ஆயத்தம் செய்தும் ஒன்றும் நிகழவில்லையே என்று.

ஓசையில்லாப் பேச்சு என்ற விளையாட்டை உண்டாக்கியவர் அம்மா. அப்பாவின் சைகைகள் கடைக்கும் கிணற்றுக்கும் போதும், பிள்ளைகளோடு பேசப் போதாது என்றார். மாலையில் நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் அவர் இரு செவிகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு என் எதிரே அமர்வார். நான் ஓசை எழாமல் உதடுகளை மட்டும் அசைத்து ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விடை கூறுதல் கூடாது, விளக்கம் கேட்டல் கூடாது. சொன்னதைச் சொன்னவாறே சொன்னால் வெற்றி, இல்லையேல் தோல்வி. தொடக்கத்தில் அம்மா ஓயாது தோற்றார். நான் சிரித்துப் புரண்டேன். தவழும் பருவத்திலிருந்த தம்பியும் எதற்கென்று அறியாமல் உடன் சிரித்தான். சில வாரங்களில் அவர் சொற்களைப் பிடிக்கத் தொடங்கினார். பின்பு சொற்றொடர்களையும் பிடித்தார்.

கண்டிப் பயணங்களுக்கு அம்மாவுக்குத் துணையாகச் சென்றவள் நான். அப்பா கடையை அடைக்க இயலாது. தலை சுற்றினால் கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மருத்துவ நிலையத்தின் நீண்ட வாங்குப் பலகையில் மாதந்தோறும் ஏறத்தாழ அதே முகங்களைக் காண்போம். அவர்களுள் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருகிற ஒரு பெண் அம்மாவோடு நெருக்கமானார். அம்மாவைவிட இளையவர். தன் பிள்ளைகளின் குறும்புகளைச் சொல்லி அம்மாவைச் சிரிக்கவைப்பார். சிரித்தால் இருவருக்கும் இருமல் வரும். இருமியபின் மீண்டும் சிரிப்பார்கள். ஒரு மாதம் அவர் சிரிக்கவில்லை.

"காது இரையுதுன்னு நெசத்தச் சொன்னேங்க அக்கா. அன்னைக்கே ஊசிய நிப்பாட்டிட்டாங்க. இப்ப பழையபடி ரத்தம் வருது."

அம்மா அவருடைய கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அடுத்தமுறை நாங்கள் சென்றபோது வாங்கில் அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்தார். அம்மா வாசலில் நின்ற பணியாளரிடம் சென்று தாழ்ந்த குரலில் ஏதோ வினவினார். அவர் விடைகூறாமல் கையை மட்டும் விரித்துக் காட்டினார். அந்தப் பெண் இறந்துவிட்டார் என்பது அக்கைவிரிப்பின் பொருள். எங்கள் வீட்டுச் சைகைகளுள் அது இல்லாமையால் நான் அதை அறியவில்லை. அவருக்கு நோய் தீர்ந்துவிட்டது போலும், அதனால் வருவதில்லை என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

பிறகு மழைக்காலம் தொடங்கிற்று. அந்நாட்களில் அம்மாவிடம் சில மாறுதல்களைக் கண்டேன். கண்டேன் என்பதற்கு மேல் வேறொன்றுமில்லை. அவர் எப்போதும் வாசலை நோக்கியே அமர்ந்தார். தம்பியைத் தம் கண்பார்வையிலிருந்து அகல விடுவதில்லை. காலையில் நான் "இரையுதாம்மா?" என்று கேட்டு முடிக்குமுன்பே, என் முகத்தைக் கண்டவுடன் இல்லை என்றார். எல்லாவற்றினும் மேலாக, விளையாட்டின்போது பஞ்சு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டார். பழகிப்போய்விட்டது, இனிப் பஞ்சு வேண்டாம் என்றார். நான் ஒப்பவில்லை. பஞ்சில்லாமல் அவர் ஒரு சொல்லையும் தவறவிடாமல் வென்றுகொண்டேயிருந்தார். எனக்குச் சினம் மூண்டது.

"ஏமாத்துறீங்கம்மா. பஞ்சு இல்லாம எல்லாம் காதுல கேட்டுட்டுத்தான் சொல்றீங்க."

அம்மா என்னை விழித்துப் பார்த்தார். பின்பு என் இரு கன்னங்களையும் பற்றி, கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பிடிபட்டதனால் சிரிக்கிறார் என்று நான் கருதினேன்.

அந்த மாதக் கண்டிப் பயணத்திற்கு முதல்நாள் அவர் என்னை அருகில் அழைத்து, நம் விளையாட்டை மருத்துவரின் அறையிலும் விளையாடலாமா என்று கேட்டார். மருத்துவர் ஒவ்வொரு மாதமும் அம்மாவின் கேட்கும் திறனைச் சோதிப்பது வழக்கம். அம்மாவை முக்காலியில் இருத்தி, அவர் பின்னால் நின்று, மூச்சோடு மூச்சாகச் சில சொற்களைச் சொல்வார். அவற்றை அம்மா திருப்பிச் சொல்ல வேண்டும். நான் எதிர்ச்சுவரோரம் நிற்பேன்.

"டாக்டர் ஐயா சொல்றத நீ வாயசச்சு எனக்குச் சொல்லு. சத்தம் வரக் கூடாது. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, அப்பாவுக்கும்தான்."

நோயாளிகளும் மருந்து நெடியுமாக இருக்கும் அவ்விடத்தில் விளையாட இடமுண்டு என்று அதுவரை நான் நினைத்ததில்லை. உடனே உடன்பட்டேன். பொதுவான செவிகள் இத்தகைய பணிக்குத்தானே?

முதன்முறை எல்லாம் செவ்வையாக நடந்தது. மருத்துவர் தம் சொற்களை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார். பனை, கிணறு, படலை, தோணி என்று அவர் முகத்தைச் சன்னல்பக்கம் திருப்பிக்கொண்டு முணுமுணுத்தார். நான் உதடசைத்தேன். அம்மா ஒவ்வொன்றையும் தயங்காமல் திருப்பிச் சொன்னார். நல்லது என்றார் மருத்துவர். ஊசி தொடர்ந்தது. மறுமாதமும் அவ்வாறே. அம்மாவின் உடல் சற்றுத் தேறியிருந்தது. இருமல் வெகுவாகக் குறைந்திருந்தது. தெருவில் நடக்கையில் மட்டும் என் தோளை இறுகப் பற்றிக்கொள்வார்.

மூன்றாம் முறை மருத்துவர் சன்னல்பக்கம் திரும்பவில்லை. வெளியே கடும் மழை. சாரலுக்காகச் சன்னலைச் சாத்தியிருந்தார்கள். அவர் அம்மாவின் பின்னே நின்று நேராகவே பார்த்துக்கொண்டு, படலை என்றார். என் உதடுகள் அசைந்தன. அம்மா திருப்பிச் சொன்னார். தோணி என்றார். என் உதடுகள் அசைந்தன. அம்மா திருப்பிச் சொன்னார். அதன்பின் அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. என் உதடுகளும் அசையவில்லை. அம்மா காத்திருந்தார். மருத்துவர் அம்மாவின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அப்புறம் அவர் முணுமுணுக்காமல், எங்கள் மூவருக்கும் நன்கு கேட்கும் இயல்பான குரலில் பேசினார்.

"பிள்ளை, அம்மாவுக்குக் காது கேக்காமல் போய் எவ்வளவு நாள்?"

அவர் என்னிடம் வினவினார் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவர் சொல்வதை அம்மாவிடம் சேர்ப்பதுதான் என் வேலை. நீண்ட வாக்கியம்தான். ஆயினும் ஒரு சொல்லும் குறையாமல், மருத்துவரின் யாழ்ப்பாண ஒலிப்பையும் விடாமல், அதை என் உதடுகளில் அம்மாவுக்குச் சொல்லி முடித்தேன்.

அம்மாவின் முகத்தில் நிறம் மாறியது. அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. முக்காலியிலேயே திரும்பி மருத்துவரை நிமிர்ந்து நோக்கினார். தம் குரல் தமக்கே கேட்காததனால், வெளியே வாங்கில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரத்துப் பேசினார்.

"காது போனது போகட்டும் ஐயா. எனக்குப் புள்ளைங்க ரெண்டு இருக்கு. ஊசிய மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

மருத்துவர் சினப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சுற்றி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தம் முகம் அம்மாவுக்குத் தெரியுமாறு எதிரே அமர்ந்தார். எப்போது தொடங்கிற்று என்று உதடுகளை விரித்து மெல்லக் கேட்டார். மழை தொடங்கிய நாளிலிருந்து என்றார் அம்மா. முதலில் இரைச்சல், பிறகு அதுவும் இல்லை என்றார். வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்று மருத்துவர் கேட்டார். தெரியாது, தெரிந்தால் அவர் அன்றைக்கே உங்களிடம் வந்து சொல்லிவிடுவார் என்றார் அம்மா. அது முற்றிலும் உண்மை. நாங்கள் வீட்டில் ஒத்திகையை அவ்வளவு செம்மையாக நடத்திவந்தோம். அரங்கேற்றம் தொடங்கிவிட்டதை அப்பா அறியவேயில்லை.

மருத்துவர் இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் நெஞ்சை நெடுநேரம் சோதித்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முடிவில் அம்மாவின் எதிரே மீண்டும் வந்து அமர்ந்தார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டாய். ஒவ்வொரு நாளும் வேண்டாம், ஒண்டை விட்ட ஒரு நாள் போடுவம். மிச்சத்தையும் முடிப்பம்."

எழுந்து செல்கையில் என் தலையில் கைவைத்துக் கெட்டிக்காரி என்றார். விளையாட்டைத் திறம்பட ஆடியதற்கான பாராட்டு அது என்று ஏற்றுக்கொண்டேன்.

மருந்து முடிந்தது. நோயும் முடிந்தது. அதன்பின் அம்மா நெடுங்காலம் வாழ்ந்தார். தம்பியின் பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் அளவுக்கு வாழ்ந்தார். தம்பி பேசிய முதற்சொல்லை மட்டும் அவர் கேட்டதில்லை. அவன் உதடுகள் குவிந்து விரிந்ததைப் பார்த்து இதுதான் என்று அறிந்துகொண்டார்.

ஆனால் அன்று பேருந்தில் ஏறியபோது இவை எவையும் என் எண்ணத்தில் இல்லை. நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என் முகவாயைத் தொட்டு என்னவென்று கேட்டார்.

"நீங்க தோத்துட்டீங்க. டாக்டர் ஐயா சொன்னத அப்பிடியே திருப்பிச் சொல்லணும். நீங்க பதில் சொல்லிட்டீங்க."

அவர் என் உதடுகளை இறுதிவரை பார்த்திருந்துவிட்டு, ஆமாம், தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்குறணை கடந்து பேருந்து பலகடுவை ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியபோது, அவர் என் தோளில் தட்டினார்.

"பஸ்ஸு இப்ப என்ன சத்தம் போடுது, புள்ள?"

இது புதுவிதமான கேள்வி. நான் செவிசாய்த்துக் கேட்டேன். கேட்கக் கேட்க அது ஒரு சத்தமாக இல்லை. இயந்திரம் உறுமியது. கழன்ற சன்னல் ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டது. கூரையில் மழை வேறுவிதமாக விழுந்தது. முன்னிருக்கையில் ஒருவர் குறட்டை விட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைத் தேடித் தேடி ஓசையின்றிச் சொன்னேன். சொல் கிடைக்காதபோது கையாலும் காட்டினேன். இன்னும் சொல், இன்னும் சொல் என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார். மாத்தளை வரும்வரை என் உதடுகளிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. பள்ளத்தாக்கில் மழை இறங்கிச் செல்வதையும் மலைச்சரிவில் அருவிகள் புதிதாய்த் தோன்றியிருப்பதையும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாராமல், நாள்தோறும் பார்க்கும் என் முகத்தையே இவர் ஏன் இப்படிப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.